பற்றரி மாத்தியாச்சு

"பற்றரி மாத்தியாச்சு, ரெண்டு தரம்" என்று
மேசைமேல் வைத்தார் குகதாசன் சேர்.
பருத்தித்துறைக்காரர். வங்கியில் மாற்றலாகி
தலவாக்கலைக்கு வந்து ஏழு மாதம்,
இன்னும் ஸ்வெட்டரின் மேல்பொத்தானைக் கழற்றியதில்லை.
"திறப்பு வேலை செய்யேல்லைப் பிள்ளை."
எங்கள் பக்கம் அது சாவி.
எந்தப் பெயர் சொன்னாலும்
கடைவாசலில் நிற்கும் சாம்பல்நிறக் கார்
காது கொடுப்பதாயில்லை.
இரும்புப் பல்லைப் போட்டுத் திறந்தால்
திருட்டு மணி அலறுகிறது.
எதிர்ஹோட்டலில் கொத்து போடுகிறவர்
தகட்டை நிறுத்திவிட்டு நம்மைப் பார்க்கிறார்.

முதலில் ஃபோன் கமராவைத்தான் காட்டினார் சேர்.
டீவி ரிமோட்டை அப்படித்தான் பார்ப்பது:
அழுத்தினால் முனையில் ஊதாப் பொட்டு மின்னும்.
"இது வெளிச்சமில்ல சேர், அலை.
கமராவுக்குத் தெரியாது" என்றேன்.
கமராவைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.
காசு எண்ணிப் பழகிய கை.

பழுதுபார்க்கக் கொடுத்தவர் திரும்பிவராத
ரேடியோ ஒன்று என்னிடம் இருக்கிறது.
முள்ளை நகர்த்தினேன். மரக்கறி விலை,
பிரித் ஓதும் குரல், பாதிப் பாட்டு,
எல்லாம் தாண்டி
எவரும் பேசாத ஓரிடம்.
தகரத்தில் விழும் மழையா, அதன் இரைச்சலா என்று
பிரித்தறிய முடியவில்லை.
அதன் முதுகோடு சாவியை ஒட்டிவைத்து
அழுத்தினேன்.

டர்ர்க்.

இரைச்சலில் ஒரு கிழிசல்.
விரலை எடுத்தேன், மூடிக்கொண்டது.
மறுபடி: டர்ர்க்.
"அப்ப கதைக்குது!" என்றார் சேர்.
"பேசுது சேர். என்ன பேசுதுன்னு இது சொல்லாது.
கேக்க வேண்டியவருக்குக் கேக்குதான்னும் சொல்லாது."

சொன்ன பிறகுதான்
லாச்சிக்குள் கிடக்கும்
பதிவுத்தபால் சீட்டுகள் ஞாபகம் வந்தன. நாலு.
எங்கள் லயனுக்கு ஒரு வீட்டிலக்கம் கேட்டு,
ஏழு பேர்ச் நிலம் கேட்டு
அனுப்பியதற்குச் சாட்சி.
அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பது
வேறு கேள்வி.

"காரை ஸ்டேஷன் வளைவு வரைக்கும் கொண்டுபோய்ப் பாருங்க."
மணி அலற, ஊரே பார்க்க,
முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.
ஐந்து நிமிடத்தில் ஃபோன்:
"பிள்ளை, இஞ்ச திறக்குது! பூட்டுது! திறக்குது!"

அப்படியானால் சாவியுமில்லை, காருமில்லை.
இந்த வாசல்.

ரேடியோவைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்து
கடைவரிசை நெடுக நடந்தேன்.
தையல்கடை: மழை.
லொத்தர் பலகை: மழை.
விஜேகோன் மாத்தயாவின் டிஸ்பென்சரிக் கதவருகே
சட்டென்று உறுமியது.
நிலையில் ஒட்டிய வயரில்லா அழைப்புமணி,
ஈரத்தில் ஊறி, அழுத்தியபடியே
சிக்கிக்கிடந்த பொத்தான்.
உள்ளே எட்டிப்பார்த்தேன்.
மணிப்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு
அந்த ப்ளக்கில் யாரோ ஃபோன் சார்ஜ் போட்டிருந்தார்கள்.
எத்தனை நாளாய் என்று கேட்டேன்.
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, என்றாள் மருந்து கட்டும் பெண்.
மூன்று நாள். இரவும் பகலும்.
பக்கத்தில் எந்தச் சின்னக் குரலும் எழும்பாதபடி
ஒரே கத்தல்,
ஒருவருக்கும் கேட்காமல்.

தட்டை ஸ்க்ரூட்ரைவரை விட்டு நெம்பினேன்.
ரேடியோவில் மழை திரும்பியது.

சேர் வந்து வாசலில் நிறுத்தி, இறங்கி,
தள்ளி நின்று அழுத்தினார்.
மஞ்சள் விளக்கு இரண்டு முறை கண்சிமிட்ட
கொத்துக்காரர் கைதட்டினார்.

"எவ்வளவு?"
எதற்கென்று வாங்குவது? பூட்டைத் தொடவில்லை,
ஒரு திருகாணி கழற்றவில்லை.
அவருக்கோ ரசீது வேண்டும்.
எழுதினேன்:
சாவி, பழுதில்லை.
கேட்டுப் பார்த்தது, ரூபா இருநூறு.

வாசித்தார். மடித்துப் பையில் வைத்தார்.
காரில் ஏறி உட்கார்ந்த பிறகு
வெளியே எடுத்து
இன்னொரு தரம் வாசித்தார்.